கண்ணாடி அலமாரியில் ஏழு வேதாகமம்

பனியன்ஊர்க்காரன் (திங்கள், இரவு 10:40)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு வாரமாக மனசில் கிடந்து உறுத்துகிற ஒரு விஷயம். இங்கே எழுதினால் நாலு பேர் சொல்வதைக் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதி என் பொறுப்பு. எங்களிடம் ஒடிசாப் பையன்கள் நிறைய. அதில் ஒருவன் கட்டிங் மேசையில் நிற்பவன், இருபது வயசுகூட இருக்காது. நான் வேதக்காரன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் டீ நேரத்தில் வந்து, தெரிந்த தமிழில், "அண்ணா, எங்க பாஷையில பைபிள் கிடைக்குமா?" என்று கேட்டான். ஊரில் வீட்டில் ஒன்று இருந்ததாம். அக்கா கல்யாணமாகிப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

விசாரித்து வரவழைக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் தினம் ஒருதடவை என் மேசைப் பக்கம் வந்து முகத்தைப் பார்ப்பான். வாய் திறந்து கேட்கமாட்டான். பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

புத்தகம் வந்த அன்றைக்கு எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை, பின்பக்கக் குழாயடிக்கு ஓடினான். பஞ்சுத் தூசி போகக் கையைக் கழுவி, சட்டையில் துடைத்தான். சட்டையிலும் தூசி. வெட்டு மிச்சத் துணி ஒன்றைத் தேடி எடுத்து மறுபடி துடைத்தான். அப்புறம்தான் ரெண்டு கையாலும் வாங்கினான். நின்ற இடத்திலேயே திறந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டான். டீ ஆறி ஆடை கட்டிப்போனது.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து கண்ணாடி அலமாரியைத் திறந்து எண்ணினேன். ஏழு வேதாகமம். அதில் ஒன்று எங்கள் கல்யாணத்தில் சபையில் கொடுத்தது. முதல் பக்கத்தில் எங்கள் ரெண்டு பேர் பெயரும் தேதியும் எழுதியிருக்கிறது. பன்னிரண்டு வருஷமாகப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறையோடு. பக்க ஓரத்துத் தங்க முலாம் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது சரசரவென்று சத்தம் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி.

வேதத்தின்மேல் எனக்கு வெறுப்பா? கிடையாது. தரையில் வைக்கமாட்டேன், கால் பட்டால் தொட்டு ஒத்திக்கொள்வேன். ஆனால் அந்தப் பையனுடைய பசி எனக்கு எப்போது போனது என்றே தெரியவில்லை. உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறதா? திரும்ப எப்படி வந்தீர்கள்?


சோமனூர் அக்கா (திங்கள், இரவு 11:15)

தம்பி, படித்துவிட்டு எழுந்து போய் எங்கள் வீட்டு அலமாரியை எண்ணினேன். ஐந்து.


பிரப்ரோடு வாத்தியார் (செவ்வாய், காலை 5:50)

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியன். தம்பியின் பதிவைப் படித்ததும் 2 இராஜாக்கள் 22ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. யூதாவை ஆண்ட யோசியா ராஜாவின் 18ஆம் வருஷம். ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது பிரதான ஆசாரியன் இல்க்கியா நியாயப்பிரமாண புஸ்தகத்தை, அதாவது தேவன் கொடுத்த சட்ட நூலை, கண்டெடுக்கிறான். எங்கே? கர்த்தருடைய ஆலயத்திலேயே. வனாந்தரத்திலோ எதிரி தேசத்திலோ தொலையவில்லை.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். சம்பிரதியாகிய (அரண்மனை எழுத்தனாகிய) சாப்பான் ராஜாவிடம் போகிறான். முதலில் கட்டடக் கணக்கைச் சொல்கிறான்: பணத்தை எண்ணி வேலைக்காரர் கையில் கொடுத்தாயிற்று. அதற்கு அப்புறம்தான், "ஆசாரியனாகிய இல்க்கியா என் கையில் ஒரு புஸ்தகத்தைக் கொடுத்தான்" என்கிறான். ஒரு புஸ்தகம்! என்ன புஸ்தகம் என்றுகூட அவன் வாயில் வரவில்லை. ராஜாவோ வாசிக்கக் கேட்டவுடனே வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். அவனுக்கு அப்போது வயசு 26.

நம் சபைக் கமிட்டிகளில் நான் முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். பெயின்ட் எத்தனை லிட்டர், மைக்செட் எவ்வளவு என்பதில் ரெண்டு மணி நேரம் போகும். தொடக்கத்தில் வாசித்த வேதபாகம் எது என்று முடிவில் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. எனக்கும் தெரியாமல் போன நாட்கள் உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான்.

இன்னொன்று. இந்தப் புத்தகம் தமிழில் நம் கைக்கு வந்த கதையை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியது 1706 ஜூலை 9. மணலில் விரலால் எழுதிப் பழகும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ கற்றார். புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கியது 1708 அக்டோபரில். அடுத்த மாதமே தரங்கம்பாடியின் டேனிஷ் அதிகாரி அவரைச் சிறையில் போட்டார், நாலு மாதம். வெளியே வந்து 1711இல் முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிசாக இருந்தன. அதில் அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. உள்ளூரிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். 1714இல் நாலு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும். இந்திய மொழி எதிலும் அதற்கு முன் புதிய ஏற்பாடு அச்சானதில்லை. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்திருந்தபோது, 1719இல், 36 வயதில் மனிதர் இறந்துபோனார்.

ரூத்தில் நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் ரூத் முடிந்து 1 சாமுவேலுக்குப் பக்கம் திருப்பும்போது என் கை ஒரு கணம் நிற்கும். மிச்சத்தை முடித்தவர் ஷூல்ட்சே, 1728இல். அதற்குப் பிறகு பப்ரிசியஸ், ரேனியஸ் என்று ஆயுளைக் கொடுத்துத் திருத்தியவர்கள். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர் சைவத்தில் ஊறிய ஆறுமுக நாவலர். ஹென்றி பவர் பாதிரியார் தலைமையில் ஒரு குழு உழைத்து 1871இல் வெளிவந்ததுதான் நாம் பழைய திருப்புதல் (பழைய மொழிபெயர்ப்பு) என்று வைத்திருப்பது. நம் கோயமுத்தூருக்கு லண்டன் மிஷன் வந்தது 1830. வந்தவர்களுக்குக் கையில் கொடுக்கத் தமிழில் வேதம் தயாராக இருந்தது என்றால், அது இத்தனை பேர் பட்ட பாடு.


பொள்ளாச்சி இளையவன் (செவ்வாய், மதியம் 1:20)

வாத்தியார் ஐயா, அருமை. ஆனால் ஒரு விஷயம். அலமாரியில் எத்தனை என்று எண்ணுவது சரியான அளவா? நான் செல்போனில்தான் வாசிக்கிறேன். தென்னந்தோப்பில் தண்ணீர் பாயும்போது வரப்பில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு ஏசாயா முழுவதையும் கேட்டு முடித்தேன். புத்தகம் தூசி படிந்திருக்கலாம், ஆள் வாசித்துக்கொண்டிருக்கலாம்.


பனியன்ஊர்க்காரன் (செவ்வாய், இரவு 9:05)

தம்பி சொல்வது நியாயம். கேட்பதும் வாசிப்புதான். நான் அப்படியும் கேட்கவில்லை என்பதுதான் என் பிரச்சனை. என் போனில் தினம் காலையில் பத்துப் பன்னிரண்டு வசனம் வந்து விழும், எல்லாம் பூப்படம் போட்டு. ஆமென் என்று ஒரு கைகூப்பு அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அதையே வேத வாசிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


பிரப்ரோடு வாத்தியார் (செவ்வாய், இரவு 9:40)

அந்தப் பூப்படங்களில் அதிகம் வருவது எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்பது. அதற்கு முந்தின 10ஆம் வசனத்தைப் பாருங்கள்: பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிற்பாடு! அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். அதைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவதைப் பார்க்காமலே கண்மூடியிருப்பார்கள். அவர்களுக்கு 5ஆம் வசனத்திலிருந்து சொல்லப்பட்டது வேறு: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த அந்த ஒடிசாப் பையனுக்கு இந்த முழு அதிகாரமும் எவ்வளவு பொருந்தும்! ஒரு வசனத்தை மட்டும் கிள்ளி எடுத்ததில் நமக்கு நஷ்டம்தான்.


சரவணம்பட்டி (புதன், அதிகாலை 2:10)

வருத்தப்படாதீர்கள், ஒன்று சொல்கிறேன். இப்படிப் பேச்சு தொடங்கினாலே எனக்கு மூச்சு முட்டும்.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் மன அழுத்தத்தில் இருந்தேன், மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய ஒரு வருஷம் வேதத்தைத் திறக்க முடியவில்லை. எழுத்து கண்ணில் படும், உள்ளே போகாது. சபையில் சொன்னபோது, "வாசிக்காததால்தான் உனக்கு இப்படி" என்றார்கள். அப்புறம் அங்கே யாரிடமும் பேசவில்லை.

அந்த வருஷத்தில் நான் வாசித்தது ஒரே ஒரு சங்கீதம் (வேதத்தில் உள்ள ஜெபப் பாட்டு), 88. மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவற்றில் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரும். 88 கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். அதை யாரும் பூப்படத்தில் அனுப்பமாட்டார்கள். ஆனால் அது வேதத்தில் இருக்கிறது. என்னைப்போல ஒருத்தி எழுதி வைத்ததுபோல இருந்தது. வாரத்துக்கு ரெண்டு மூன்று நாள் அதை மட்டும் வாசிப்பேன். வேதத்தை மதிக்காதவள் என்று யாராவது அப்போது என்னைச் சொல்லியிருந்தால், அது உண்மையாக இருந்திருக்காது.


சோமனூர் அக்கா (புதன், காலை 6:30)

கண்ணு, உன்னிடம் அப்படிச் சொன்னது பெரிய தப்பு. எங்கள் வயசுக்காரர்கள் அப்படிப் பேசிப் பழகிவிட்டோம். நானும் ஒரு பிள்ளையிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அவளுக்குப் போன் பண்ணப் போகிறேன்.


பனியன்ஊர்க்காரன் (புதன், காலை 7:10)

தங்கச்சி, நான் எழுதியது என்னைப்பற்றி. நல்ல உடம்பும் நேரமும் இருந்தும் திறக்காத என்னைப்பற்றி. சங்கீதம் 88ஐ இப்போதுதான் மெதுவாக வாசித்தேன். இப்படி ஒன்று இருக்கிறது என்பதே இத்தனை வருஷம் எனக்குத் தெரியவில்லை.


தாராபுரம் ஞாயிறு டீச்சர் (புதன், இரவு 8:00)

ஓய்வுநாள் பள்ளியில் பதினைந்து வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். ஆசை இல்லாமல் போவதற்கு ஒரு காரணம் பாஷை. போன மாதம் பிள்ளைகளுக்குச் சங்கீதம் 119 எடுத்தேன். "உமது கற்பனைகள்" என்று வந்தது. எட்டாவது படிக்கிற பையன் எழுந்து, "மிஸ், கடவுள் கற்பனை செஞ்சத நாம எதுக்குக் கடைப்பிடிக்கணும்?" என்று கேட்டான். அவன் கிண்டல் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் கற்பனை என்றால் மனசில் நினைத்துப் பார்ப்பது. பழைய திருப்புதலில் கற்பனை என்றால் கட்டளை. ஒரே வார்த்தை, ரெண்டு அர்த்தம். இத்தனை நாள் எத்தனை பிள்ளைகள் கேட்காமலே விட்டுவிட்டார்களோ என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால் ரெண்டு மொழிபெயர்ப்பையும் மேசைமேல் வைத்துக்கொள்கிறேன். மனப்பாடத்துக்குப் பழையது, அதன் ஓசை நாக்கில் நிற்கும். அர்த்தத்துக்குப் புதுசு. பழைய பாஷையை மாற்றினால் பரிசுத்தம் போய்விடும் என்று சண்டை போடுகிற பெரியவர்களிடம், சீகன்பால்கு அன்றைய ஜனங்களுக்குப் புரிகிற தமிழில்தானே போட்டார் என்று கேட்பேன்.


கருமத்தம்பட்டி வழிப்போக்கன் (புதன், இரவு 10:25)

நான் கத்தோலிக்கன், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இருப்பது திருவிவிலியம், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் டீச்சர் சொன்ன இடம் 'கட்டளைகள்' என்றே இருக்கும்.

திருப்பலியில் நற்செய்தி வாசிக்கும் முன் பெருவிரலால் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை போடுவோம். எனக்கு நாற்பது வயசு. போன வருஷம் வரைக்கும் கொசு விரட்டுகிற வேகத்தில் அதைப் போட்டுவிடுவேன். என் பாட்டி ஒவ்வொரு இடத்திலும் விரலை நிறுத்தி அழுத்துவார். நெற்றியில் புரியட்டும், உதட்டில் சொல்லட்டும், நெஞ்சில் நிற்கட்டும். அவர் போன பிறகுதான் அந்த நிறுத்தம் ஏன் என்று விளங்கியது. "மறைநூலை அறியாமை கிறிஸ்துவை அறியாமை" என்று புனித எரோணிமுஸ் சொன்னதை எங்கள் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எடுத்துச் சொல்லியிருக்கிறது. நாங்களும் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.


கீழ்பவானி (வியாழன், இரவு 9:30)

கோபிப் பக்கம் விவசாயம். எனக்கு எழுத வராதுங்க, இருந்தாலும் எங்கள் அம்மாவைப்பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அப்பா பழைய சந்தையில் வாங்கி வந்த ஒரு வேதாகமம், அட்டை இல்லாதது. நான் மூன்றாவது படிக்கும்போது எழுத்துக் கூட்டி வாசிக்க வந்துவிட்டது என்று தெரிந்ததும், அன்றைக்கே அதை எடுத்து மடியில் வைத்துவிட்டார். தினம் சோற்றுக்கு முன்னால் வாசிக்க வேண்டும். விட்ட இடத்துக்கு அடையாளமாக ஒரு வேப்பந்தழை வைப்பார். பூச்சியும் வராது.

1 நாளாகமம் வந்தபோது, ஒன்பது அதிகாரம் வெறும் பெயராக இருக்கிறதே என்று, நான் தழையை எடுத்துப் பத்துப் பக்கம் தள்ளி வைத்துவிட்டேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன். அடுத்த நாள் புத்தகத்தைத் திறந்து, தழை இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். முந்தின நாள் தழை பட்டு லேசாகப் பச்சைக் கறை படிந்திருந்த பக்கத்தைத் தேடிப் பிடித்து, தழையைத் திரும்ப அங்கேயே வைத்தார். திட்டவில்லை. "அவங்க பேரும் அவருக்குத் தெரிஞ்சிருக்குதல்ல, நாமளும் கேப்போம் சாமி" என்றார். நான் எல்லாப் பெயரையும் வாசித்தேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

மஞ்சள் வேகவைக்கும்போதும், களை எடுக்கும்போதும் சங்கீதம் சொல்லிக்கொண்டேதான் வேலை செய்வார். எல்லாம் காதால் கேட்டுப் பிடித்தது. 23, 91, 121 எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கு 103உம் 139உம் ஒரு வார்த்தை பிசகாது. கடைசி நாட்களில் எங்கள் பெயரெல்லாம் மறந்துபோனபோதும் 139 மறக்கவில்லை. நான் ஒரு வரி சொன்னால் அடுத்த வரியை அவர் சொல்வார்.

கால்வாயில் முறைத் தண்ணீர் வரும் ராத்திரி நாங்கள் தூங்கமாட்டோம். விட்டால் அடுத்த முறை எப்போதோ. அம்மா வேதத்தைக் கேட்டது அப்படித்தான். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதாலேயே எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.


டவுன்பஸ் (வெள்ளி, காலை 8:50)

நாலு நாளாகப் படித்துக்கொண்டே வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்றிருந்தது.

நான் குடும்பத்தில் ஒருத்தியாக விசுவாசத்துக்கு வந்தவள். கட்டிக்கொடுத்த வீடு குலதெய்வக் கோயில், நோன்பு, பொங்கல் என்று இருக்கிற வீடு. கெட்டவர்கள் இல்லை. மாமியார் என்னை மகள் மாதிரித்தான் பார்க்கிறார். ஆனால் வேதாகமத்தை வீட்டில் வெளியே வைக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் கிடைத்த கையடக்கப் புதிய ஏற்பாடு ஒன்று, பின்னால் சங்கீதமும் சேர்த்தது. அதை டிபன் பையில், சோற்று டப்பாவுக்கு அடியில் வைத்து எடுத்துப்போவேன். ரோமருக்கு எழுதின நிருபத்தில் பாதி ரசம் ஊறி மஞ்சளாகிவிட்டது. அவிநாசியிலிருந்து மில்லுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் இருபது நிமிஷம். கிடைக்காவிட்டால் நின்றபடி மனசில் இருப்பதைச் சொல்லிக்கொள்வேன்.

அண்ணாவின் ஏழு வேதாகமத்தைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், எனக்கும் தனி வீடு, தனி அலமாரி என்று வந்தால் நானும் அப்படி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.


பனியன்ஊர்க்காரன் (வெள்ளி, இரவு 10:15)

தங்கச்சி, உன் பதிவை வீட்டில் சத்தமாக வாசித்தேன். என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் அந்தக் கல்யாண வேதாகமத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டாள், திரும்ப உள்ளே போகக்கூடாது என்று.

சங்கீதம் 119இல் தொடங்கியிருக்கிறோம். ஆலெப், பேத், கிமெல் என்று தலைப்பு இருக்குமே, நான் அதைத் தாண்டியே போய்விடுவேன். எபிரெய எழுத்துகள் 22, எழுத்துக்கு எட்டு வசனம், மொத்தம் 176 என்று மகள்தான் எண்ணிச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து. இன்று பேத். "வாலிபன் தன் வழியை எதினால் சுத்தம்பண்ணுவான்?" என்று இருந்ததை வாசித்ததும் மகள், பெண்பிள்ளைகளுக்கு ஏன் கேட்கவில்லை என்று பிடித்துக்கொண்டாள். அரைமணி நேரம் பேசினோம். இந்த வீட்டில் ஒரு வசனத்தை வைத்து அரைமணி நேரம் பேசியது இதுதான் முதல்தடவை. மீதி ஆறில் நாலைத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருக்கிறோம்.


சரவணம்பட்டி (வெள்ளி, இரவு 11:30)

நானும் அந்த எட்டு எட்டாக முயற்சி செய்து பார்க்கிறேன். ஒருநாள் விட்டுப்போனால் விட்டுப்போகட்டும், அடுத்த நாள் அதே எழுத்து.


சோமனூர் அக்கா (சனி, காலை 6:00)

டவுன்பஸ் கண்ணு, எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. காடாத் துணி நிறைய இருக்கிறது. அழுத்தமான துணி, ரெண்டு மடிப்பாகப் போட்டு உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்துத் தைத்தால் ரசம் இறங்காது. என் வேதாகமத்துக்கு அப்படித்தான் போட்டிருக்கிறேன். உனக்கு ஒன்று தைத்துத் தரட்டுமா? மேலே சின்னதாகச் சிலுவை பூ வேலை செய்து தருகிறேன்.


டவுன்பஸ் (சனி, காலை 8:45)

வேண்டும் அக்கா. சிலுவை மட்டும் வேண்டாம், வெறும் துணி போதும். ஜிப்பும் வேண்டாம், திறக்கும்போது சத்தம் கேட்கும்.


சோமனூர் அக்கா (சனி, காலை 9:05)

சரி கண்ணு. ஜிப் வைக்கவில்லை, நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி தைக்கிறேன். புத்தகத்தின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து சொல்லு.